பேக்கரி மாஸ்டர் பிசைந்த மாவு

ஜெபக்கூடத்தின் சாவி என்னிடம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசியாக வீட்டுக்குப் போகிற பாவி நான்தான். அந்த வாரம் என்னை அநியாயத்துக்குக் காக்க வைத்தவர் பேக்கரி மாஸ்டர்.

முப்பது வருடமாக ரொட்டி போடுகிற மனிதர். மனைவி போன பிறகு வாரம் முழுக்க அடுப்போடுதான் பேச்சு. ஞாயிறு அவர் எடுக்கிற வாலிபர் வகுப்பில் மட்டும்தான் நாலு முகத்தைப் பார்ப்பார். பன்னிரண்டு பேர் வந்த வகுப்பு மூன்றாகத் தேய்ந்துவிட்டது.

"இந்த வாரமும் பிள்ளைங்க மனசுல ஒண்ணும் நிக்கலைன்னா பெரியவங்க வகுப்போட சேத்துடலாம் மாஸ்டர்" என்று போதகர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு மாஸ்டர் மாவு, ஈஸ்ட், பேசின் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். ஆண்டவர் சொன்ன புளித்த மாவு உவமையைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம். விசுவாசம் உள்ளுக்குள் எப்படி வளர்கிறது என்று புரிய வேண்டுமாம். மாவு உப்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும், வகுப்போ ஒரு மணி நேரம். என்ன செய்தார் தெரியுமா? சீக்கிரம் உப்பட்டும் என்று கை பொறுக்காத வெந்நீரை ஊற்றிவிட்டார். ஈஸ்ட் வெந்து செத்தது. பேக்கரியில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

முக்கால் மணி நேரமாகியும் மாவு களிமண் மாதிரி கிடந்தது. ஒருத்தன் கொட்டாவி விட்டான். சடை போட்ட பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள், "எப்ப மாஸ்டர் உப்பும்?"

"உப்பாதும்மா. நான்தான் கெடுத்துட்டேன். நீங்களும் போயிடுவீங்களோன்னு பயந்து சுடுதண்ணிய ஊத்திட்டேன். உள்ள வளர்றத அவசரப்படுத்தக் கூடாது. ஜெபமும் அப்படித்தான். எனக்கே இப்பதான் உறைக்குது."

யாரும் சிரிக்கவில்லை. வேறு மாவெடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று பேரையும் பிசைய வைத்தார். துணி போட்டு மூடுவதற்குள் நேரம் முடிந்தது. பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மாஸ்டர் மட்டும் நகரவில்லை.

"பூட்டணும் மாஸ்டர்" என்றேன் கடுப்போடு.

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா."

எனக்கோ பசியில் உயிர் போனது. இருந்தும் காலி பெஞ்சுகளுக்கு நடுவே அவரை ஒற்றையாக விட்டுப் போக மனசு வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினார். பேசின் நிறைய மாவு எழும்பி நின்றது. அதைக் காட்டத் திரும்பியவர், பெஞ்சுகளைப் பார்த்து அப்படியே நின்றார்.

"நீங்க பாத்தீங்கல்லக்கா?"

"பாத்தேன் மாஸ்டர்."

"அப்ப போதகர்கிட்ட சொல்லுங்க. உப்பிடுச்சுன்னு. கொஞ்சம் லேட்டா உப்புச்சுன்னு."