சலவைச் சோடாவின் எடை

"ஏட்டி, காத்துல கரஞ்சு போகுததுக்கு அது என்ன சூடமா?"

சாயங்கால ஜெபம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போதுதான் விடுதியம்மாள் இதைக் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் அந்த விடுதியில் நான் இலவசமாகப் படித்தேன். அதற்கு ஈடாகச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டேன். மார்கழியில் ஒரு சாக்குச் சலவைச் சோடா நிறுத்து வாங்கினோம். பளிங்குக் கட்டிகள். பங்குனியில் நிறுத்துப் பார்த்தால், எடுத்துச் செலவழித்தது போக இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எல்லாம் வெள்ளைத் தூள்.

"எங்க போச்சுன்னு நீ சொல்லாண்டாம். உங்க வீட்டுக் கொடியில காயுத துணி சொல்லும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் வீடு ஆற்றங்கரையில் ஊர்த்துணி வெளுக்கும் வீடு. கடைச் சோடா அங்கே நுழைந்ததே இல்லை, உவர்மண்ணும் வெள்ளாவியும்தான்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் விடுமுறைக்குப் பிறகு எனக்கு இடமில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அப்பா, கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்தேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டுரு, தாயி. படிப்பு நின்னுரப்பிடாது."

எடுத்தாயா என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரசாயனப் பாடத்தில் இருந்தது: சோடாப் பளிங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். கையில் ஈரம் படாது, கண்ணுக்கும் தெரியாது. வறண்ட காற்றுப் பட்டால் அது விட்டுப் போய்விடும். பளிங்கு உதிர்ந்து தூளாகும். சாக்கு இருந்த இடமோ வெயிலும் காற்றும் நேரே அடிக்கும் ஜன்னலடி.

புதிதாய் வந்த கட்டிகளில் நாலு பலம் நிறுத்து, ஒரு தட்டில் பரப்பி, விடுதியம்மாளின் சொந்த அறை ஜன்னலிலேயே வைக்கச் சொன்னேன். அறைச் சாவி அவர்கள் இடுப்பில். பத்து நாள் கழித்து அவர்களே நிறுத்தார்கள். இரண்டு பலம்கூடத் தேறவில்லை. தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார்கள்.

"சரி, நீ எடுக்கல. போ."

"எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களாம்மா?"

"பெரியவங்கள அப்படிச் சொல்ல வைக்கப்பிடாது பிள்ள. விடுதியில இடம் தாரேன்லா, அது போதாதா?"

போதாது. பழி ஜெபக் கூடத்தில், விடுதலை மூடிய அறையிலா?

மறுநாள் காலை, நடந்ததை எடைகளோடு ஒரு பக்கத்தில் எழுதி, விடுதிக்கும் பொறுப்பான பள்ளித் தலைமையாசிரியை கையிலேயே கொடுத்தேன். இதைச் சாயங்கால ஜெபத்தில் வாசிக்க வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தேன்.