கறுப்புக்கு ஒரு தாள்

கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு என்னுடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பன்னிரண்டைக் கேட்டிருந்தார்கள். அனுப்புவதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய என் வாடகை வீட்டில், எந்தத் தாளில் அச்சிடுவது என்று முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அச்சிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட படத்தில், கிண்ணியாவிலிருந்து வரும் மெக்கானிக், நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர், படகின் அடித்தட்டில் குனிந்து எஞ்சின் திருத்துகிறார். முகத்தில் பாதி வெளிச்சம், மீதி எல்லாம் இருட்டு. வெளிச்சம் கூட்டி வைத்த கணினித் திரையில் அந்த இருட்டுக்குள் எல்லாமே தெரிந்தன. தாளில் வந்தால் ஒரே கறுப்புக் கட்டி.

முதலில் மினுக்கத் தாளில் அச்சிட்டேன். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து படத்தையே மறைத்தது. பிறகு தடித்த பருத்தித் தாள். அதிலும் கட்டிதான். மாரிக்காலத்து ஈரம் தாளில் ஏறியிருக்கும் என்று நினைத்து, புதுப் பெட்டியைப் பிரித்தேன். மையை மாற்றினேன். ஐந்தாம் நாள் தாள் விற்றவருக்குத் தொலைபேசியில் சத்தம் போட்டேன்.

"தாளில பிழை இல்லை மிஸ்," என்றார் அவர் பொறுமையாக. "அதே சரக்குல வேற ஆக்களும் அடிக்கினம்."

வைத்துவிட்டு அழுதேன். இருபது வருடம் படம் எடுத்தவளுக்கு ஒரு கறுப்பைக் கொண்டுவர ஏலாதா?

அடுத்த நாள் காலை, தன் படத்தைப் பார்க்க நானா வந்தார். பருத்தித் தாளில் அடித்ததை இரண்டு கையாலும் பிடித்து, வாசலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அட, என்ட பதினாலாம் நம்பர் ஸ்பனர் கிடக்குதே!"

"எங்க?"

"இந்தா, முழங்காலுக்குப் பக்கத்துல. பின்னால கயிறும் சுருட்டிக் கிடக்குது."

அவர் விரல் வைத்த இடத்தை உற்றுப் பார்த்தேன். எனக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணை மூடினேன். மற்றதை மூடினேன்.

"தங்கச்சி, உங்களுக்கு இது தெரியலியா?"

"இல்லை நானா."

அன்றே கண் டொக்டரிடம் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு பார்வை நரம்பையும் அரித்துவிட்டது என்றார். போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றினால் உண்டு. படத்தில் அடர்ந்த சாம்பலும் கறுப்பும் இனிப் பிரிந்து தெரியுமா என்று கேட்டேன். அவர் குனிந்து மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார். அதிலேயே விளங்கிவிட்டது.

படங்களை அனுப்புவதில்லை என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நானாவிடமும் அப்படியே சொன்னேன்.

"நான் பாத்துச் சொல்றன், நீங்க அடிங்க," என்றார்.

கடைசி இரண்டு நாளும் வேலை முடிந்து நேரே வந்தார். இரண்டு தாளிலும் அடித்துக் காட்டினேன். "மினுக்கத்துல கறுப்பு நல்லாத்தான் இருக்குது. ஆனா சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கணும். மற்றதுல சும்மா பாத்தாலே உள்ளுக்க தெரியுது," என்றார்.

பருத்தித் தாளையே எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படத்தில் என்னால் முடியவில்லை. மேசையில் கவிழ்ந்துவிட்டேன்.

"அழுறதெண்டா அங்கால தள்ளி இருந்து அழுங்க தங்கச்சி," என்றார் அவர், தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "மை இன்னும் காயல்ல."

பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. கண்காட்சிக்கு நான் போகவில்லை.