சினைப்பையைக் காணோம்

எங்கள் தொழிலில் இருட்டறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றையும் வாய் திறந்து சொல்லக் கூடாது.

ஃப்ரீமான்ட்டில் ஒரு பெண்கள் க்ளினிக்கில் ஸ்கேன் எடுக்கிறேன். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டிய சீனப் பெண்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது, தூக்கம் போய்விட்டது, புருஷன் மூச்சு விட்டாலும் எரிச்சல். உங்களுக்கும் இதெல்லாம் உண்டென்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

வெந்நீர்

ஸ்கேனுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். மிஸஸ் சென் எங்கள் குளிர்ந்த தண்ணீரைத் தொடவே மாட்டார். ஃபிளாஸ்க்கில் ஆவி பறக்க வெந்நீர் கொண்டு வருவார். அன்றைக்கு அவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் அனல். முகம் சிவந்து வியர்வை வழிய, ஒரு கையால் பத்திரிகையை விசிறிக்கொண்டே மறு கையால் வெந்நீரைக் குடித்தார்.

"ஏற்கெனவே கொதிக்குது, அதுக்கு மேல வெந்நீரா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க ஊர் வெயில்ல நீங்கள்லாம் சுடச்சுடக் காபி குடிக்கிறீங்களே, உங்களுக்கு உள்ளே ஏசி ஓடுதா?"

இடது பக்கம்

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை சுருங்கிவிடும். ஸ்கேனில் தேடிப்பிடிப்பது பெரும் பாடு. சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் ஒரு அம்மாவுக்கு வலது பக்கம் கிடைத்துவிட்டது, இடது பக்கம் அகப்படவே இல்லை. அழுத்திப் பார்த்தேன், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். பக்கத்திலிருந்த கணவர் பயந்துபோய், "காணாமப் போயிடுச்சா?" என்றார். "சின்னதா ஆகி எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும்" என்றேன். அந்த அம்மா கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"லேஆஃப் சமயத்துல என் டீம்ல எல்லாரும் அப்படித்தான்."

உப்பில்லாத சூப்

இன்னொரு பெண் இரண்டாவது குழந்தைக்காக வந்துகொண்டிருந்தாள். வயதுக்கு முன்பே அவள் சினைப்பை முதுமையடைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மாமியார் கூடவே வருவார். ஸ்கேன் முடிந்ததும் ஏதேதோ வேர் போட்ட கோழி சூப்பை உப்பே இல்லாமல் நீட்டுவார். உப்பு போட்டால் மருந்து வேலை செய்யாதாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் குடிப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். இந்த மாமியாருக்குப் பேரன் ஆசை ரொம்பத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி ஸ்கேனில் கருமுட்டை ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் உள்ளே கூப்பிட்டு, இனி வாய்ப்பு இல்லையென்று சொல்லிவிட்டார். வெளியே வந்து அந்தப் பெண் சுவரோரமாக நின்று அழுதாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சீனத்தில் என்னவோ சொன்னார். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். வரவேற்பில் இருக்கும் லின்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்:

"நீ குழந்தைக்கு ஆசைப்பட்டேன்னுதான் சூப் வச்சேன். இன்னையிலேருந்து உப்பு போட்டு வைக்கிறேன், வா."

மெஷின் சூடு

கொஞ்ச நாளாக எனக்கு ஸ்கேன் அறை அடுப்படி மாதிரி இருந்தது. ஏசியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். மிஸஸ் ஹுவாங் இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கினார். "இவ்வளவு குளிர் எதுக்கு?" என்றார். "மெஷின் சூடாயிடும்" என்று சமாளித்தேன். அவர் என் நெற்றி வியர்வையை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எந்த வருஷத்து மெஷின்?"

ஊரார் சினைப்பைகள் ஓய்வு பெறுவதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு, தன்னுடையது ராஜினாமா கொடுத்த விஷயம் மட்டும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.