அன்வரியின் அண்ணனைத் தேடி

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் தனபாக்கியத்தைப் பார்த்தால், தம்பியை மரணத்தின் பிடியிலிருந்து மீட்டு வந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெலிந்த தேகம், அடங்கிய பேச்சு.

1987இல் அவளுடைய தம்பி சம்பத்தின் உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தை உண்டாக்குகிறது. அவனுடைய மஜ்ஜை அந்த வேலையை மறந்துவிட்டது. கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்கலாம் என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். தனபாக்கியத்தினுடையது பொருந்தியது. கொடுத்தாள். தம்பி எழுந்து நடந்தான். அத்தோடு அவள் தன் தறிக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவிடாமல் செய்தவள் அன்வரி.

மறு வருஷம் சம்பத்தைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆம்பூர் அன்வரி பேகம். ஈறுகளில் ரத்தக் கசிவு. கைகளில் நீலத் திட்டுகள். சம்பத்துக்கு வந்த அதே நோய் என்று தனபாக்கியத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று மட்டும் கேட்டாள்.

மூன்று அண்ணன்கள். இரண்டு பேருக்குப் பொருந்தவில்லை. மூத்தவர் வாஹித் பாஷா, கல்யாண பிரியாணி மாஸ்டர், பரிசோதனைக்கே வரவில்லை. கல்யாண ஆர்டர் ஜாஸ்தி என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு அன்வரியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தானாம். அந்த நிலையிலும் அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

"பாய்ஜானைத் தப்பா நெனைக்காதீங்கக்கா," என்றாள். "பாசம் இல்லாம இல்ல. பயம்."

தனபாக்கியம் இரண்டு நாள் கழித்து, எந்தக் கல்யாண வீட்டில் அவருக்கு அடுப்பு என்று விசாரித்துக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

கல்யாண வீட்டின் பின்புறம். பிரியாணி வேகும் பெரிய தேக்சாக்கள் வாய் இறுக மூடித் தம்மில் இருந்தன. மூடியின் மேல் தணல். தம் உடைத்து மூடியைத் திறக்கும்வரை மாஸ்டர் அடுப்படியை விட்டு நகரமாட்டார் என்பதால் அவரால் தப்பித்துப் போகவும் முடியவில்லை. அவருடைய மனைவி முனவ்வர் பேகம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் அவள் கண்கள் குளமாயின. வெங்காயத்தின்மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டாள். கணவர் சாப்பிடுவதே இல்லை என்றும், தங்கச்சி பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறார் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

வாஹித் பாஷா தணலைக் கிளறியபடியே பேசினார்.

"இன்னாம்மா சொல்ல வந்தே? நான் முப்பது வருஷமா எலும்போட வேலை செய்றவன். நல்லி எலும்பத் தட்டி எடுத்துட்டா உள்ள இன்னா இருக்கும்? வெறும் குழாய். அன்வரி சின்னப் புள்ளையா இருக்கச் சொல்ல நானே தட்டிக் குடுப்பேன். காலி எலும்ப ஒரே தட்டுல ஒடைச்சிடலாம். என்னையும் அப்படி ஆக்கிட்டா, நாளைக்கு இந்தத் தேக்சாவ யாரு தூக்குறது? அஞ்சு புள்ளைங்களுக்கு யாரு சோறு போடறது?"

இதுதான் அவருடைய பயம். ஊரே ருசித்துச் சாப்பிடும் நல்லி எலும்பு அந்த மனிதரை இப்படி மிரட்டி வைத்திருந்தது.

தனபாக்கியம் சிரிக்கவில்லை. "அந்த ஆடு செத்துப்போச்சு பாய். நீங்க உசுரோட இருக்கீங்க. தாடி எடுத்தா மறுபடி மொளைக்குதா இல்லியா? மஜ்ஜையும் அப்படித்தான். முதுகெலும்புல கை வைக்கமாட்டாங்க. இடுப்புக்குப் பின்னால எலும்புல ஊசி போட்டுக் கொஞ்சம் எடுப்பாங்க. மயக்கத்துல தெரியாது. அப்புறம் ஒரு வாரம் இடுப்பு வலிக்கும், பொய் சொல்லமாட்டேன்."

"நீ குடுத்தியா?"

"குடுத்தேன்."

அவர் நம்பாமல் அவளை மேலும் கீழும் பார்த்தார். கத்தரிக்காய் அண்டா கொதித்து, இறக்க வேண்டிய பதத்துக்கு வந்திருந்தது. கைக்கு ஆள் இல்லை. தனபாக்கியம் புடவையை இழுத்துச் செருகினாள். சாக்குத் துணியால் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்க பாய், அடி புடிச்சிடும்," என்றாள். இருவருமாக இறக்கி வைத்தார்கள். அவள் நிமிர்ந்து, மூச்சு வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டாள்.

முனவ்வர் பேகம் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்குப் புடவை கட்டி விடட்டுமா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டாள். அந்த முரட்டு மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

அடுத்த நாளே வேலூரில் ரத்தம் கொடுத்தார். முடிவு வரும்வரை தனபாக்கியத்துக்குத் தறியில் கை ஓடவில்லை. பொருந்தாமல் போனால்? அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையும் போய்விடுமே. கடவுளே, நான் போகாமலே இருந்திருக்கலாமோ?

பொருந்தியது.

மஜ்ஜை எடுத்து மயக்கம் தெளிந்ததும் வாஹித் பாஷா முதலில் கால்களை மடக்கிப் பார்த்தார். மறுநாள் நர்ஸ் திட்டத் திட்ட வராந்தா முழுக்க நடந்தார். அன்வரிக்கு அதன் பிறகுதான் சோதனைக் காலம். தனி அறை, ஓயாத காய்ச்சல், வாயெல்லாம் புண். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் நின்றபடியே இருந்தார். ஒரு காலையில் டாக்டர் வந்து, புது மஜ்ஜை ரத்தம் உண்டாக்கத் தொடங்கிவிட்டது என்றார். வாஹித் பாஷா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் இரண்டு தட்டு சாப்பிட்டார் என்று முனவ்வர் பேகம் பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இப்படி அழைப்பு வரலாம். பயமாகத்தான் இருக்கும். முதலில் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் போகாத ஒவ்வொரு நாளும் ஒருவர் அங்கே காத்திருக்கிறார்.

சில மாதம் கழித்து, சம்பத்தோடு வேலூர் போன தனபாக்கியம் அந்த வராந்தாவில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். வாணியம்பாடியிலிருந்து மஜ்ஜை கொடுக்க வந்து மிரண்டுபோய் உட்கார்ந்திருந்த ஒருவரின் எதிரே, வாஹித் பாஷா சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். தழும்பு எங்கே என்று அந்த ஆள் தேட, பாஷா இன்னும் கொஞ்சம் திரும்பினார்.

"மானத்த வாங்காதீங்க பாய்ஜான், சட்டைய எறக்குங்க," என்று பின்னாலிருந்து அதட்டினாள் அன்வரி. அவள் குரலில் அவ்வளவு தெம்பு இருந்தது. தனபாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.