ஜெசி அக்கா பெயரில் இருந்த இணைப்பு

அன்று காலை ஆறு மணிக்கு நெட் வரவில்லை. ஜெசி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அப்படித்தான்.

தினமும் ஆறு மணிக்கு அக்கா தன் வீட்டில் மோடத்தைப் போடுவார். ஐந்து நிமிடத்தில் மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கும், பின்னால் லீலா பெரியம்மா வீட்டுக்கும் நெட் வந்துவிடும். அன்று ஆறரை ஆகியும் வரவில்லை. அப்பா லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேணும்னே ஆஃப் பண்ணிப் போட்டிருக்கா. கொழுப்பு" என்றார். எனக்கும் கோபம்தான். மாதிரித் தேர்வு வினாத்தாளை இறக்க வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு லீலா பெரியம்மா வந்து, "எனக்கும் இல்ல. நான் போய்க் கேக்க மாட்டேன் கேட்டியா, கதவத் தட்டினா பேசணுமே" என்றார். கடைசியில் அம்மா போனாள். அக்கா அடுக்களைத் தரையில் கிடந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சு நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். முப்பத்தாறு வயது.

ஏழு மாதமாக ஜெசி அக்காவோடு யாரும் பேசவில்லை. அவருடைய வயரை மட்டும் ஒரு வீட்டிலும் கழற்றவில்லை.

பாடகர் குழு அக்காமாரே, முப்பதாம் நாள் நினைவு ஜெபத்துக்குச் சிறு மலர் ஒன்று அச்சாகப் போவது உங்களுக்குத் தெரியும். சபைச் செயலாளர் என்பதால் அப்பாதான் அதைத் தொகுக்கிறார். "நீயும் ஒரு பக்கம் எழுது மக்ளே, ஒனக்குத் தமிழ் நல்லா வருமில்லியா" என்றார். அக்காவின் குரல் இனிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்பா எழுதியதையும் படித்தேன். "தவறு செய்தபோதும் மனந்திரும்பி, சபையின் முன் தன்னைத் தாழ்த்திய சகோதரி" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. திங்கட்கிழமை அது அச்சுக்குப் போகிறது. அதனால் இந்த இரண்டாவது பக்கத்தை வேதியியல் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பா இருமும்போதெல்லாம் நோட்டை மூடிவிட்டுத் திரும்பத் திறக்கிறேன்.

ஊரடங்கு வருடம் நான் ஏழாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்பேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ஜெசி அக்கா பார்த்துவிட்டார்.

"ஏட்டி, தொட்டிக்க மேல நின்னு என்ன, பிரசங்கம் பண்ணுதியா?"

"நெட் இல்ல அக்கா. இப்ப பேர் கூப்பிடுவாங்க."

"இறங்கு. விழுந்து செத்தாலும் ஆப்சென்ட் தான் போடுவாங்க."

வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைக் கேட்டு டைப் செய்வது அவருடைய வேலை. அதற்காகப் பெரிய இணைப்பு வைத்திருந்தார். அன்று மாலையே தன் வீட்டுச் சுவரைத் துளைத்து, மதில் மேல் குழாய் வைத்து, எங்கள் பலா மரத்தை ஒட்டி வயர் இழுத்தார். வயரின் நுனியைச் சீவி, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, கிளிப்பில் சொருகிக் குறடால் நெரித்தார். மாதம் என்ன தரவேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, அந்த மரத்தைக் காட்டி, "சக்கை பழுத்தா பாதி தாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டார். அப்புறம் லீலா பெரியம்மாவும் கேட்க, அங்கேயும் ஒரு வயர் போயிற்று.

அந்த இணைப்பு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது வேதாகம வினாடி வினா அன்று. லீலா பெரியம்மா முதலில் பதில் எழுதி அனுப்பினார். பிறகு நான் என் கம்ப்யூட்டரில் திறந்தால், நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்று வருகிறது. "நான் எழுதினா இவ எழுதின மாதிரியாம். பின்ன மதில் கட்டி என்ன பிரயோஜனம்?" என்று பெரியம்மா சத்தம் போட்டார். ஜெசி அக்கா சிரித்துக்கொண்டே விளக்கினார். "வெளிய இருந்து பாத்தா மூணு வீட்டுக்கும் ஒரே வாசல் தான். வாசல் எனக்க பேர்ல நிக்கி. உள்ள யாரு போறா, யாரு வாறான்னு வெளிய உள்ளவனுக்குத் தெரியாது. எனக்குத் தான் தெரியும்."

நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அப்பா அவரிடம் போய் ஒரு காரியம் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ள கம்ப்யூட்டர்ல என்ன பாக்குதுன்னு எனக்குத் தெரியணும் ஜெசி. அதுக்கு ஒரு வழி இருக்காமே."

"மோடத்துல பதிவு போடலாம் அண்ணே. எந்தக் கம்ப்யூட்டர், எத்தன மணி, எங்க போச்சுன்னு நிக்கும். ஆனா போட்டா எல்லாருக்கயும் தான் பதியும்."

"பதியட்டும். நமக்கு மறைக்க என்ன இருக்கு?"

'எல்லாருக்கயும்' என்றதை அப்பா சரியாகக் காதில் வாங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். என் கம்ப்யூட்டருக்குள் ஏதோ காவல் வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அக்கா அன்றைக்கே என்னிடம், "ஒனக்க அப்பா சொல்லி நான் பதிவு போட்டாச்சு. பின்னால அறிஞ்சு என்ன ஏசாண்டாம்" என்று நேராகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் வைத்தார். அவருடையது 'வேலை'. பின் வீடு 'லீலா'. என்னுடையது 'பாப்பா'. அப்பாவின் லேப்டாப் 'அண்ணன்'. அந்த நான்கு பெயரையும், மோடத்தின் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டினார்.

சபைத் தேர்தலுக்கு முன்பு, அப்போதைய செயலாளர் தேவதாஸ் சாரின் மகளைப் பற்றி ஒரு பொய்ப் பெயரில் முகநூலில் வந்த பதிவை நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். அதில் இருந்ததைத் திரும்ப எழுத மாட்டேன். சாரின் மகளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. சார் தேர்தலிலிருந்து விலகினார், அப்பா செயலாளர் ஆனார். சார் கொடுத்த புகாரை விசாரித்த போலீசார், அந்தப் பதிவு எந்த இணைப்பிலிருந்து போயிற்று என்று கண்டுபிடித்தார்கள். இணைப்பு ஜெசி அக்காவின் பெயரில் இருந்தது. நாகர்கோவிலுக்கு வரச் சொல்லி இரண்டு பேர் வந்து மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முகநூலில் அந்தப் பதிவு போன நேரம் ஞாயிற்றுக்கிழமை பத்து நாற்பது. அந்த நேரத்தில் ஜெசி அக்கா உங்களோடு நின்று பாடிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டுப் புத்தகம் உங்களில் ஒருவரின் கையில் இருந்தது. அப்படியிருந்தும் ஆலய வாசலில் நான் கேட்ட பேச்சு இது.

"கோயில்ல நின்னவ எப்படிப் போட்டா?"

"கம்ப்யூட்டர் அறிஞ்சவளுக்கு நேரம் குறிச்சு வைக்கத் தெரியாதா? அவ நம்மள மாதிரியா?"

இரண்டு வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்த அறிவே அவர் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாயிற்று.

நாகர்கோவில் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். மோடம் பதிந்து வைத்திருந்த பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மூடப் பார்த்தார். அதற்குள் நான் படித்துவிட்டேன். அந்த ஞாயிறு, பத்து நாற்பது, அந்தத் தளம். அதற்கு நேராக ஆங்கில எழுத்தில் 'அண்ணன்'. மற்ற மூன்று கம்ப்யூட்டரும் அப்போது ஓடவே இல்லை. நானும் அம்மாவும் ஆராதனையில் இருந்தோம். இடுப்பு வலி என்று சொல்லி அப்பா மட்டும் வீட்டில் இருந்தார்.

"அக்கா, இதப் போலீஸ்ட்ட காட்டுங்க."

"காட்டினா ஒனக்க அப்பா கேசுல கெடப்பாரு. வேலை போகும். ஒனக்க படிப்பு என்னாகும்? அம்மைக்க கதி?"

"அப்போ நீங்க?"

"எனக்குப் பிள்ளையா குட்டியா? ரெண்டு மாசம் பேசுவாங்க. பின்ன வேற ஆள் கிட்டும்."

அப்புறம் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து, மோடத்தின் பின்னால் இருந்த சிறிய துளையில் வைத்து அழுத்தினார். எல்லா விளக்கும் அணைந்து, திரும்ப ஒவ்வொன்றாக வந்தது. பட்டியல் போய்விட்டது. "நீ ஒண்ணும் பாக்கல்ல. கேட்டியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அக்காவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. எனக்காக என்று சொல்லி அழித்தார்; என்னைக் கேட்டு அழிக்கவில்லை. அவர் வீட்டு மோடத்தில் பட்டியலாக இருந்தவரை அது அவருடைய பாரம். அழித்த பிறகு முழுவதும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

பிறகு அப்பா நடுவராக நின்று சமாதானம் பேசினார். "நம்ம சபைக் காரியம், கோர்ட்டுக்குப் போவாண்டாம். நான் பேசி முடிச்சு வைக்கேன்" என்றார். மன்னிப்புக் கடிதத்தை அப்பாவே எழுதினார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது. "சிறுமதியால் செய்த செயல்" என்று எழுதி, 'சிறுமதி' சரியான சொல்தானா என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். ஜெசி அக்கா கையெழுத்துப் போட்டார். தேவதாஸ் சார் புகாரைத் திரும்பப் பெற்றார். பாடகர் குழுவில் அக்காவுக்கு இடம் இல்லை என்று முடிவானது. அதற்குப் பிறகு அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, முன்பு பாடிய இரண்டாம் குரலைத் தணிந்த சத்தத்தில் பாடுவார். உங்கள் காதுக்கு அது கேட்டது என்று எனக்குத் தெரியும். அவர் அங்கே பாடும்போது இங்கே நீங்கள் ஸ்வரம் தப்பாமல் நின்றீர்கள்.

"அவ வீட்டுக்குப் போவாண்டாம், நம்ம பேர் கெட்டுப் போகும்" என்று அப்பா சொன்னார். நான் போகவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் மாலை இடி இடித்தபோது, ஜெசி அக்கா மதில் பக்கம் வந்து நின்று யாரையும் பெயர் சொல்லாமல் கூப்பிட்டார். "இடி வருது, வயரக் கழத்திப் போடுங்க. கம்ப்யூட்டர் போயிரும்." அப்பா எழுந்து போய் லேப்டாப்பின் வயரைக் கழற்றினார். நான் என்னுடையதைக் கழற்றினேன். லீலா பெரியம்மாவும் கழற்றியிருப்பார். ஒருவரும் "சரி" என்று கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் உள்ளே போனார். எனக்கும் அவருக்கும் கடைசியாக நடந்த பேச்சு அது. அதில் என் பங்கு ஒரு வயரைப் பிடுங்கியது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் அப்பா அந்த இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றினார். நல்ல வேகம் உள்ள இணைப்பு, வீணாகப் போகக் கூடாது என்றார். மோடம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில், வசனக் காலண்டரின் கீழே இருக்கிறது. அதைத் திருப்பி அடிப்பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

தேவதாஸ் சார், நீங்கள் மன்னித்தவர் அதைச் செய்த ஆள் இல்லை. என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. என் கண்ணால் பார்த்தது மட்டும் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா அடிப்பாரோ என்று மட்டும் இல்லை. அவர் ஜெயிலுக்குப் போவாரோ என்றும் பயம். அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமோ, தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். கேட்கவில்லை.

ஜெசி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது மோடத்தின் அடியில் இருக்கும் அந்தத் தாள். நேற்று அப்பா கமிட்டிக்குப் போன நேரம் அதைப் பார்த்து, நான்கு பெயரையும் மோடத்தில் திரும்ப ஏற்றினேன். இனி ஓடப்போகாத 'வேலை'யையும் சேர்த்தேன். எல்லாரையும் பதியும் அந்தப் பட்டியலையும் திரும்பப் போட்டேன்.

விடிந்தால் ஞாயிறு. வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் இருக்கப் போகிறேன். நீங்கள் எல்லோரும் ஆராதனையில் இருக்கும்போது இதை டைப் செய்து பாடகர் குழு வாட்ஸாப்புக்கும் தேவதாஸ் சாருக்கும் அனுப்புவேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது அப்பாவின் பெயரில் உள்ள இணைப்பிலிருந்து போனதாகத் தெரியும். உள்ளே, அந்த நேரத்துக்கு நேராக, 'பாப்பா' என்று இருக்கும். அதை நான் அழிக்க மாட்டேன்.