பக்கத்து வீட்டு ஜீப்பும் என் அப்பாவும்

கோடை மழையில் நனைந்து காய்ந்த தார்ப்பாயின் புழுங்கல் வாசனையும் பெட்ரோல் நெடியும் கலந்து வந்தால், எங்கள் ஜீவனஹள்ளிச் சந்தில் மே மாதம் பிறந்துவிட்டது என்று பொருள். பக்கத்து வீட்டு பிரான்சிஸ் அங்கிள் தம்முடைய சின்ன ஜீப்பின் கூரையை அவிழ்த்துச் சுவர்மேல் விரித்திருப்பார். என் அப்பா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருப்பார். அங்கிளின் மகள் ஷீலா, என் வயதுக்காரி, பின்னிருக்கையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இந்த வருடம் எந்த மலை என்று சந்துப் பிள்ளைகளிடம் அறிவித்துக்கொண்டிருப்பாள். மலைக்கான கன்னடச் சொல்லை எடுத்து அந்தப் பயணத்துக்கு "பெட்டா டிரிப்" என்று பெயர் வைத்தது நான்தான். பெயர் வைத்ததோடு சரி, என்னை யாரும் கூட்டிப்போகவில்லை.

அங்கிள் பள்ளிக்கூட வாத்தியார், மலைப் பைத்தியம். யாரோ ஓட்டிக் கழித்த அந்த ஜீப்பை ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். ஊருக்குள் அழகாக ஓட்டும் மனிதர், முதல் கொண்டை ஊசி வளைவைக் கண்டதும் பயந்துபோய் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடுவாராம். என் அப்பா தங்கவயலிலிருந்து வந்தவர், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டியவர். வளைவு அவருக்கு விளையாட்டு. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் அவர் விடுப்புப் போட்டுவிட்டு அங்கிள் குடும்பத்தை மலை ஏற்றிக் கூட்டி வருவார். கூலிக்காகப் போகவில்லை, அவருக்கும் மலைப்பாதை என்றால் உயிர். முன்னால் அப்பாவும் அங்கிளும், பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் ஆன்ட்டி, ஷீலா, குட்டிப் பையன் ராபர்ட், மீதி இடத்தில் மூட்டையும் ஸ்டவ்வும். எனக்கு இடம் இல்லை.

"வண்டி அவங்களோடது, சரி. ஓட்டுற ஆளு நம்ம ஆளுதானே? ஒரு பிள்ளைய இட்டுக்கினு போனா இன்னா?" என்று அம்மா வருடம் தவறாமல் கேட்பாள். "அடுத்தவங்க வண்டியில நாம எடம் கேக்கக் கூடாது" என்பார் அப்பா, வருடம் தவறாமல்.

திரும்பி வந்த பிறகு ஆன்ட்டி போட்டோக்களைக் கழுவிக் கொண்டுவந்து காட்டுவார். ஒன்றில் முள்ளையனகிரி உச்சியில், பனிமூட்டத்துக்கு நடுவே, என் அப்பா ஷீலாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பஸ் ஓட்டிக் களைத்து வந்து சாப்பிட்டதும் படுத்துவிடுகிற மனிதரிடம் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஷீலாவின் கவுன்மேல், அவள் வீட்டு டிவிமேல் எல்லாம் எனக்கு ஆசைதான், ஆனால் அந்தப் போட்டோவில் நான் பொறாமைப்பட்டது அவள் உட்கார்ந்திருந்த தோளைப் பார்த்து.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் ஷீலாவுக்கு அம்மை போட்டது. ஆன்ட்டியும் அவளோடு வீட்டில் நின்றுவிட, அங்கிளே வாசலுக்கு வந்து, "மலர் வரட்டும்பா, எடம் இருக்குதே" என்றார். கொப்புளம் பூத்த முகத்தோடு ஜன்னலில் நின்று ஷீலா அழ, நான் அவளுடைய இடத்தில், அவளைப் போலவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கெம்மண்ணுகுண்டிக்குப் புறப்பட்டேன்.

சமவெளி முடிந்து வண்டி மலையேறத் தொடங்கியது. இருபுறமும் காப்பித் தோட்டம், மேலே எங்கேயோ எங்களுக்கு முன்னால் போகும் பஸ்ஸின் முனகல். முதல் பெரிய வளைவில் அப்பா ஹார்ன் அடித்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபடி பின்னால் குரல் கொடுத்தார்.

"ஷீலா, கெட்டியா புடிச்சிக்கோ!"

ராபர்ட் கைகொட்டிச் சிரித்தான். "அங்கிள், ஷீலா வீட்ல இருக்குறா!"

"ஆமால்ல" என்று அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த வளைவிலும் அவர் வாயில் ஷீலாதான் வந்தாள், அதற்கு அடுத்ததிலும். இத்தனை கோடைகளாக மலையோடு சேர்ந்து அவர் நாக்கில் ஏறிவிட்ட பெயர் அது. நான் கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு வளைவில் பெஞ்சிலிருந்து சரிந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன், அதையும் சொல்லவில்லை.

உச்சியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அப்பா வந்து, "எறங்கு மலர், வந்து பாரு, மேகம் காலுக்குக் கீழ போவுது" என்றார்.

"ஷீலாவுக்கு ஒடம்பு சரியான பெறவு அவளையே இட்டுக்கினு வந்திருக்கலாமே. நான் எதுக்கு?"

அப்பா என் முழங்காலைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையை நனைத்து ரத்தத்தைத் துடைத்தார். பிறகு சுத்தமாகவே இருந்த முன்கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும், "மலர், கெட்டியா புடிச்சிக்கோ!" என்றார். வளைவெல்லாம் முடிந்து சமவெளிக்கு வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "இன்னாப்பா, ரோடு நேராத்தானே போவுது?" என்று அங்கிள் கேட்டார். "இருக்கட்டும் சார்" என்றார் அப்பா. வீடு வந்து சேரும்வரை என் பெயர்தான்.

அதோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த கோடையில் ஷீலாவுக்கு உடம்பு நன்றாகவே இருந்தது.

நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்பா எங்கள் இருவருக்கும் அந்த ஜீப்பில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் கிளச்சை விடும்போதெல்லாம் வண்டி குதித்து நின்றது. ஷீலா ஒரே வாரத்தில் சந்துக்குள் பின்னோக்கி ஓட்டினாள். அப்பா மறைந்து, அங்கிளின் கண்பார்வையும் மங்கியதும் ஜீப்பு அவளுக்கு வந்தது. கல்யாணமாகி பொம்மனஹள்ளிக்குப் போன பிறகும் அவள் அதை விடவில்லை. உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் ஊர் ஊராகத் தேடினாள், வருடா வருடம் தன் பிள்ளைகளோடு மலையேறினாள். ஒருமுறை கட்டாயப்படுத்தி என்னையும் என் மகளையும் அழைத்துப்போனாள். ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாய்க் காத்திருக்கும் அவளுடைய பொறுமை, கியர்மேல் சும்மா கிடந்த இடது கை, எல்லாம் என் அப்பா. பெற்ற மகளான எனக்கு அவருடைய மூக்கு மட்டும்தான் வாய்த்தது. அவள் பிள்ளைகள் என் மகளுக்கு அவளுடைய சொந்தத் தாத்தாவான என் அப்பாவைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

போன மாதம் ஷீலா போன் செய்தாள். புகைச் சோதனையில் வண்டி இனித் தேறாது என்று சொல்லிவிட்டார்களாம். சக்லேஷ்புரா பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், தோட்டத்துக்குள்ளேயே காப்பி மூட்டை இழுக்க எடுத்துக்கொள்கிறாராம். "ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ மலர்" என்றாள். பொம்மனஹள்ளிக்குப் போனேன். அங்கிளும் இப்போது இல்லை. ஜீவனஹள்ளிச் சந்தில் அவர் வீடு நாலு மாடியாகிவிட்டது, ஜீப்பு நின்ற இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தக்கூட வழியில்லை.

தோட்டத்து ஆள் சாவியை வாங்கி, வண்டியைக் கிளப்பி, ஹோசூர் ரோட்டு நெரிசலுக்குள் திருப்பினான். லாரிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஷீலா நடுத்தெருவில் நின்று, சொந்தத் தகப்பனை அனுப்பிவைத்தவள்போல விம்மி விம்மி அழுதாள். எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவள் எனக்கு முன்னால் அழுதுவிட்டாள். தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தட்டிக்கொண்டே நின்றேன். அந்த அழுகை என்னுடையது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?