பேருந்து நிலையமே கேட்ட புகார்

அந்த ஊரில் மைக் அக்காவின் குரலைக் கேட்காதவர் ஒரே ஒருவர்தான். அவருடைய கணவர்.

பேருந்து நிலையத்தின் நடுவே, கழிப்பறைக்கும் பார்சல் அறைக்கும் இடையில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேசை, பாதி வேகத்தில் சுற்றும் மின்விசிறி, கழுத்து வளைந்த மைக், அதற்குப் பின்னால் அக்கா. எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது ரத்து, யார் வீட்டுக் குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, யார் குடையை மறந்துவிட்டுப் போனார்கள், எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். அவர் ஓர் ஊர்ப் பெயரைக்கூட மென்று விழுங்கியதில்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் துலங்கும். இன்றைக்காவது தடுமாறுவார் என்று பந்தயம் கட்டிய ஓட்டுநர்கள் டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதவி அப்படி.

கணவர் அச்சக வேலைக்காரர். இயந்திரங்களின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். "ஊருக்கெல்லாம் சொல்ற, எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற" என்பது அவருடைய நிரந்தரக் கிண்டல். தன் சத்தம் தனக்கே கேட்காததால் அதையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். அக்கா உதட்டை நிதானமாக அசைப்பார், கையைக் காட்டுவார், அவர் புரிந்துகொள்வார். பாதி புரியாததையும் புரிந்ததாகத் தலையாட்டுவார். இரண்டு காதுக்கும் நல்ல கருவி வாங்கிவிட வேண்டும் என்று அக்கா வங்கியில் தனியாகச் சேர்த்து வந்தார். மருத்துவர் அளவெடுத்தாயிற்று. மாதக் கடைசியில் பணம் கட்டினால் கருவி கைக்கு வரும்.

அந்தப் பணத்தில்தான் திருடன் கை வைத்தான்.

தொடர் விடுமுறைக்கு முந்திய நாள் அது. இரண்டு வண்டிகள் ரத்தாகி, நிலையம் தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி இருந்தது. விவரம் கேட்கிறோம் என்று ஜனம் கூண்டின் கதவையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அக்காவின் கைப்பை வழக்கம்போல நாற்காலியின் முதுகில் தொங்கியது. கூட்டம் கலைந்தபோது பை அங்கேயே இருந்தது. கைப்பேசி மட்டும் 'டிங்' என்றது.

ஒரு செருப்புக் கடையில் நீங்கள் செலவு செய்திருக்கிறீர்கள் என்றது வங்கியின் குறுஞ்செய்தி. கூடவே, எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி.

அக்கா பையைத் துழாவினார். கார்டு இல்லை. இயந்திரத்தில் தொட்டாலே பணம் போகிற கார்டு அது. சின்னத் தொகைக்கு ரகசிய எண்கூடக் கேட்காது. அவர் கூச்சலிடவில்லை. குழந்தையைத் தொலைத்துவிட்டு ஓடி வருபவர்களிடம் 'முதல்ல உட்காருங்க' என்று சொல்லிப் பழகியவர். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்து, வங்கியின் எண்ணைப் போட்டார். இன்னொரு கையால் வண்டி விவரத்தைப் புரட்ட வேண்டுமே. அதனால் கைப்பேசியின் ஸ்பீக்கரை இயக்கி, அதை மைக்கின் அடியில் வைத்தார்.

இங்கேதான் ஒரு ஹேர்பின் குறுக்கிடுகிறது.

அந்த மைக்கின் பொத்தானைப் பேசும் நேரமெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கூட்ட நாளில் கட்டைவிரல் செத்துப்போகும். அக்கா என்ன செய்வாரென்றால், கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிப் பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவார். பொத்தான் அழுந்தியபடியே நிற்கும். பேசி முடித்ததும் உருவி மறுபடி கொண்டையில். அவர் தலையைப் பார்த்தே மைக் இயங்குகிறதா இல்லையா என்று ஓட்டுநர்கள் சொல்லிவிடுவார்கள். அன்றுவரை ஒருமுறைகூட அவர் அதை எடுக்க மறந்ததில்லை.

அன்றைக்கு மறந்தார்.

"டெபிட் கார்டு தொலைந்ததைப் பற்றிப் புகார் செய்ய, எண் இரண்டை அழுத்தவும்" என்றது வங்கி, நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும். அக்கா அழுத்தினார். "கார்டு தொலைந்த புகாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எங்கள் அதிகாரி விரைவில் பேசுவார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்." பிறகு பியானோ மாதிரி ஏதோ ஒன்று, ஒரே நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, விடாமல் இசைத்தது.

நடைமேடைகளில் மூட்டையைத் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். ஒரு குழந்தை இசைக்கு ஏற்ப ஆடத் தொடங்கியது. புறப்படவிருந்த ஓட்டுநர் ஒருவர், வேடிக்கையைத் தவறவிடக் கூடாதென்று என்ஜினை அணைத்தார்.

டிங். கறுப்புக் கண்ணாடி. டிங். சென்ட் கடை. டிங். பெல்ட். புகாரை எடுக்க ஆளில்லாத வங்கிக்குச் செலவைச் சொல்ல மட்டும் நொடிகூடத் தாமதமில்லை. பியானோ நின்று, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று நாலாவது முறையாகவோ ஐந்தாவது முறையாகவோ அந்தக் குரல் சொன்னபோது, அக்காவின் பொறுமை போய்விட்டது.

"முக்கியம்னா எடுத்துப் பேசுடா. அவன் தலையிலேருந்து கால் வரைக்கும் என் காசுல மாப்பிள்ளையா ஆயிட்டிருக்கான். பேச முடியாதுன்னா தொலைஞ்சு போ, எதுக்கு பியானோ வாசிக்கிற?"

ஒவ்வொரு எழுத்தும் துலங்கியது. நிலையமே கைதட்டியது.

கண்ணாடிக்கு வெளியே இத்தனை பேர் ஏன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அக்காவுக்கு அப்போதும் விளங்கவில்லை. மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஹேர்பின்னை உருவி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டாவது நடைமேடையில ஒரு அம்மா, நீங்க திட்டினது கண்டக்டரைன்னு நினைச்சு அவர்கிட்ட சண்டைக்குப் போயிட்டாங்க" என்றார்.

அதன்பிறகுதான் வங்கியில் ஓர் ஆள் எடுத்தார், கார்டு முடக்கப்பட்டது. அதற்குள் சின்னச் சின்னத் தொகையாகக் கணக்கில் பெரும்பகுதி காலி.

பணம் போனது ஒரு வலி என்றால், காணொளி இன்னொன்று. மூன்றாவது நடைமேடையில் யாரோ எல்லாவற்றையும் படம்பிடித்திருந்தார்கள். அது ஓட்டுநர்களின் குழுவுக்கு வந்து, அங்கிருந்து ஊர் முழுக்கப் போயிற்று. கணவரின் கைப்பேசிக்கும் வந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டார். "சும்மா" என்று உதட்டை அசைத்தார் அக்கா. இத்தனை வருஷம் பிசிறில்லாமல் காத்த பெயர், ஒரு ஹேர்பின்னில் போய்விட்டதே என்று அவருக்கு ஆற்றாமை. கணவரின் கைப்பேசியிலிருந்து அதை அன்றிரவே அழித்தார். மறுநாள் ஓட்டுநர்கள் ஓய்வறையில் போய் நின்று, ஒவ்வொருவரையும் தன் கண்முன்னே அதை அழிக்க வைத்துவிட்டுத்தான் வந்தார்.

வங்கி தன் முடிவைச் சொன்னது: புகார் பதிவாகும் முன் நடந்த செலவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு.

கணவர் அதை வாசித்துவிட்டு, "காது இல்லாம இவ்வளவு நாள் ஓட்டிட்டேன். விடு" என்றார், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

அக்கா அவருக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தார். "நான் விட மாட்டேன்."

வங்கிக் கிளையில் ஒரு இளம் அதிகாரி. முகத்தில் தூக்கமின்மை, மேசையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற ரகம் என்று அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"மேடம், எங்க ஆள் உங்ககிட்ட பேசின நேரத்தைத்தான் சிஸ்டம் காட்டுது. எல்லாச் செலவும் அதுக்கு முன்னாடி."

"சார், நான் கூப்பிட்டது முதல் செலவு முடிஞ்ச கையோட. என் ஃபோன்லயே நேரம் இருக்கு பாருங்க."

"கூப்பிட்டீங்க, சரி. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு அதுல இல்லையே. மீதி எவ்வளவுன்னு கேட்கவும்தான் ஜனங்க கூப்பிடறாங்க."

"எண் இரண்டை அழுத்தினேன். புகார்னு அந்தப் பொண்ணே சொன்னா."

"எந்தப் பொண்ணு?"

"உங்க மெஷின் பொண்ணு."

அதிகாரி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "காத்திருந்த நேரத்தோட பதிவு எங்ககிட்ட வர்றதில்ல மேடம். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. மேல அனுப்ப ஏதாவது கையில வேணும்."

பதிவு. அக்கா வெளியே வந்து படியில் நின்றார். ஊர் முழுக்கப் பரவியிருந்த பதிவு. தானே நின்று அழிக்க வைத்த பதிவு.

ஓய்வறைக்கு அவர் மறுபடி போனபோது மீசை அண்ணன் கேரம் பலகையிலிருந்து எழுந்து நின்றார். மீசைதான் அந்த ஓட்டுநருக்குப் பெயர். முகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது.

"அந்த வீடியோ யார்கிட்டயாவது இருக்கா?"

"ஐயோ அக்கா. உங்க முன்னாடியேதானே அழிச்சோம்."

"எனக்கு வேணும் அண்ணே. காசு திரும்ப வர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி."

மீசை அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நான் சத்தியமா அழிச்சேன். அழிக்கிறதுக்கு முன்னாடி என் மச்சானுக்கு அனுப்பி வச்சேன். அது வேற விஷயம்."

"என்கிட்டயும் மச்சான் கணக்குல ஒண்ணு இருக்கு அக்கா" என்றார் இன்னொருவர்.

"நான் அதை ரிங்டோனாவே வச்சிருக்கேன்" என்றார் மூலையிலிருந்த நடத்துநர். "நீங்க இந்தப் பக்கம் வரும்போது மட்டும் ஃபோனை அணைச்சிடுவேன்."

முழு நீளத்தையும் மச்சானிடம் பத்திரப்படுத்தியிருந்தவர் மீசை அண்ணன்தான். அக்கா அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்தார். "சத்தியம் பண்ணாதீங்க அண்ணே. மீசைக்கு ஆகாது."

மறுநாள் வங்கியில் நல்ல கூட்டம். இத்தனை பேர் முன்னால் தான் திட்டியதைத் தானே ஒலிபரப்ப வேண்டும். அக்கா அதிகாரியின் மேசையில் கைப்பேசியை வைத்தார். அவர் திரையைப் பார்த்தார். பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஏற்கெனவே பார்த்திருக்கீங்களா தம்பி?"

"எங்க குழுவுல வந்துச்சு மேடம்" என்றார், கணினியைப் பார்த்தபடி. "அது நீங்கதான்னு தெரியாது."

"அப்ப சிரிச்சதுக்கு இப்ப கவனமாக் கேளுங்க. மேல கடிகாரம் தெரியுது பாருங்க. நிலையத்துக் கடிகாரம். அதுக்காகத்தான் கொண்டு வந்தேன்."

காணொளி ஓடியது. பியானோ கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பணம் எண்ணுகிற கூண்டில் ஓர் அம்மாள் எண்ணுவதை நிறுத்தினார். 'தொலைஞ்சு போ' வந்தபோது யாரோ பின்னால் வாய்விட்டுச் சிரித்தார்கள். அக்கா அசையவில்லை, காதுவரை சூடு ஏறியது, அவ்வளவுதான்.

அதிகாரி சிரிக்கவில்லை. "முதல்லேருந்து போடுங்க மேடம்."

போட்டார்.

"இங்க நிறுத்துங்க. 'கார்டு தொலைந்த புகாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.' இது எங்க குரல். நாங்களே புகாரை வாங்கிக்கிட்டதாச் சொல்றோம். கடிகாரத்துல நேரமும் இருக்கு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடிகாரத்தை மட்டும் காட்டியிருந்தா மேல ஒத்துக்கமாட்டாங்க. இதை மறுக்க முடியாது. எனக்கு அனுப்புங்க."

"திட்டினதும் சேர்ந்து போகுமே."

"போகட்டும் மேடம். அந்தப் பியானோவை நாங்களும் தினம் கேட்கிறோம்."

மேலே என்ன நடந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டு விவரம் கேட்டார். இரண்டு முறையும் அவர்தான் கூப்பிட்டார், காத்திருக்க வைக்கவில்லை. பணம் வந்தது. கண்ணாடி, சென்ட், பெல்ட், இன்னும் என்னென்னவோ, எல்லாம் திரும்பி வந்தன. செருப்பு மட்டும் வரவில்லை. அது அழைப்புக்கு முன்னால் நடந்த செலவு. அக்காவும் அதற்காக மல்லுக்கு நிற்கவில்லை.

"செருப்பு என் கணக்குல போகட்டும்" என்றார் மேற்பார்வையாளரிடம். "என் கூண்டுலேருந்து தலைதான் தெரியும், கால் தெரியாது. இல்லைன்னா புதுச் செருப்பு போட்டவனை எல்லாம் சந்தேகப்பட்டுட்டே உட்கார்ந்திருப்பேன்."

"ஹேர்பின்?"

"புது மைக் வாங்கிக் கொடுங்க. அதுவரைக்கும் ஹேர்பின்தான்."

மாதக் கடைசியில் பணம் கட்ட முடியவில்லை. அடுத்த மாதம் கட்டினார்கள். கருவியைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த கணவர் முதலில் மின்விசிறியைக் குறை சொன்னார், அப்புறம் குழாய் சொட்டுவதை. பிறகு தன் குரலையே கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு சத்தமாவா பேசறேன்?" என்று திடுக்கிட்டுக் குரலைத் தணித்தார். பக்கத்து வீட்டுக்கு அன்றுதான் விடுதலை.

"அந்த வீடியோவைப் போடு" என்றார்.

"அது எதுக்குங்க இப்ப?"

"ஊரே கேட்டிருக்கு. நான் கேட்க வேணாமா?"

அக்கா போட்டுவிட்டு, அடுப்பைக் கவனிப்பதுபோல் திரும்பிக்கொண்டார். வங்கிக்காரி பேசினாள். பியானோ இசைத்தது. அப்புறம் அக்காவின் குரல், கோபத்தில் சிவந்து, நிலையம் முழுக்க. முடிந்ததும் கணவர் சிரிக்கவில்லை. மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டார். சின்ன வயதில் கேட்ட குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று சரிபார்ப்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"திட்டினது சரிதான்" என்றார் கடைசியில், மெதுவாக. "ஆனா பாரு, 'தொலைஞ்சு போ'ன்னு சொல்லும்போதுகூட ஒரு எழுத்து மழுங்கல."